டிஎல்ஆர்4 ரிசெப்டரும் சுண்டெலியோட ரத்தக்குழாய் அடைப்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் கொஞ்ச வருஷம் ஒரு லேப்ல சுண்டெலியோட ரத்தக்குழாயை எடுத்து சாயம் போட்டு அடைப்பு எவ்வளவு இருக்குன்னு அளக்குற வேலை பாத்தவன். இப்போ வேற வேலை, ஆனா சொந்தக்காரங்க, கூட படிச்சவங்கன்னு யாராவது ஒருத்தர் "ஹார்ட் அடைப்புக்கு எதிர்ப்பு சக்திதான் காரணமாமே, எலில நிரூபிச்சுட்டாங்களாமே"ன்னு ஒரு ஃபார்வர்டு மெசேஜை தட்டி விட்டுட்டு கேட்டுட்டே இருக்காங்க. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா டைப் பண்ணி விரல் தேஞ்சு போச்சு, அதான் திரும்பத் திரும்ப வர்ற கேள்விகளை ஒரே இடத்துல போட்டுட்டேன்.

எலில என்னதான் கண்டுபிடிச்சாங்க? சுருக்கமா சொல்லுங்க.

உடம்புக்குள்ள கிருமி நுழைஞ்சா மோப்பம் புடிக்கிறதுக்குன்னே டிஎல்ஆர்4னு ஒரு ரிசெப்டர், அதாவது செல்லு மேல இருக்கிற ஒரு சென்சார் புரதம் இருக்கு. ரத்தத்துல கொலஸ்ட்ரால் தாறுமாறா ஏறுற மாதிரி உருவாக்கி வச்சிருக்கிற சுண்டெலில இந்த ரிசெப்டரோட ஜீனையும் எடுத்துட்டா, கொலஸ்ட்ரால் அதே உச்சத்துல இருந்தும் ரத்தக்குழாய்ல சேர்ற அடைப்பு குறைஞ்சுது. 2004ல வந்த முடிவு. சுருக்கம் அவ்வளவுதான், இதுக்குக் கீழ இருக்கிறது எல்லாமே "ஆனா"தான்.

அடைப்புன்னா வீட்டு பைப்புக்குள்ள உப்பு படியுற மாதிரி கொழுப்பு ஒட்டிக்கிறதுதானே? இதுல எதிர்ப்பு சக்திக்கு என்ன வேலை?

இந்த பைப்பு உதாரணத்தை யாரு முதல்ல ஆரம்பிச்சாங்களோ தெரியல, பாதி குழப்பம் அங்கதான் ஆரம்பிக்குது. கொழுப்பு குழாயோட உள்பக்கத்துல மேலாப்புல ஒட்டுறது இல்ல, சுவருக்குள்ளயே போய் உக்காருது. ரத்தக்குழாயோட உள்பக்கத்துல ஒரே ஒரு செல் தடிமன்ல ஒரு மெல்லிசான லைனிங் இருக்கு, எண்டோதீலியம்னு பேரு. ரத்தத்துல எல்டிஎல் (கொலஸ்ட்ராலைச் சுமக்குற துகள், "கெட்ட கொலஸ்ட்ரால்"னு சொல்றது) அதிகமா இருந்தா அந்த துகள்கள் லைனிங்கைத் தாண்டி அடியில போய் அங்க இருக்கிற நார்ல சிக்கிக்குது, சிக்கினது நாளாவட்டத்துல ஆக்சிஜனேற்றம் ஆகி உருமாறுது. எண்ணெய் சிக்கு புடிக்கிற மாதிரின்னு வச்சுக்கோங்க.

உருமாறுன அந்த எல்டிஎல்லைப் பாத்ததும் லைனிங் செல்லுங்க தன் மேல்பக்கத்துல பசை மாதிரி சில புரதங்களை நீட்டும். ரத்தத்துல சும்மா போயிட்டு இருக்கிற மோனோசைட்னு ஒரு வகை வெள்ளை அணு அதுல ஒட்டி, உள்ள நுழைஞ்சு, மேக்ரோஃபேஜா மாறி, கிடைக்கிற கொழுப்பை எல்லாம் முழுங்க ஆரம்பிக்கும். முழுங்கி முழுங்கி வயிறு உப்பி நுரை மாதிரி ஆயிடும், அதனாலதான் அதுக்கு ஃபோம் செல்னு பேரு. அப்புறம் அங்கயே செத்தும் போகும், செத்ததை அள்ள இன்னும் நாலு பேர் வருவாங்க, அவங்களும் சாவாங்க. நடுவுல கூழ் மாதிரி ஒரு குப்பைமேடு, மேல நார் மூடி. இந்த மொத்த சமாச்சாரத்துக்குப் பேருதான் பிளேக். அந்த மூடி கிழிஞ்சா ரத்தம் உறைஞ்சு குழாயே அடைச்சுக்கும், ஹார்ட் அட்டாக்னு நாம சொல்றதுல பெரும்பாலானது அதுதான்.

ஆக கொலஸ்ட்ரால் உள்ள வந்து விழுற சரக்கு, அதைச் சுத்தி நடக்குற கலாட்டா மொத்தமும் எதிர்ப்பு சக்தியோட வேலை. டிஎல்ஆர்4 அந்த கலாட்டாவோட ஒரு சுவிட்ச்.

டிஎல்ஆர்ல வர்ற "டோல்"னா சுங்கச்சாவடியா? அது என்ன பேரு?

இல்லங்க, அது ஜெர்மன் வார்த்தை. டிஎல்ஆர்னா "டோல் மாதிரி இருக்கிற ரிசெப்டர்"னு அர்த்தம். 1980கள்ல ஜெர்மனில டூபிங்கன் ஊர்ல கிறிஸ்டியானே நூஸ்லைன்-ஃபோல்ஹார்டோட லேப்ல பழ ஈயோட கருவை ஆராய்ச்சி பண்ணிட்டு இருந்தப்போ, முதுகு எது வயிறு எதுன்னு தெரியாம வளர்ற ஒரு விசித்திரமான கருவைப் பாத்து "டோல்!"னு சொன்னதா கதை, நம்ம ஊர்ல "செம்ம!"ன்னு சொல்ற மாதிரி. அதுவே ஜீனுக்குப் பேராயிடுச்சு.

அப்போ எதிர்ப்பு சக்திக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்குன்னே யாருக்கும் தெரியாது. 1996ல ஃபிரான்ஸ்ல ஷூல் ஹாஃப்மான் குழு, டோல் ஜீன் கெட்டுப்போன ஈ பூஞ்சை வந்தா தாக்குப் பிடிக்காம செத்துப் போகுதுன்னு காட்டுனாங்க. உடம்பு பூரா பூஞ்சை முளைச்சு தாடி வச்ச மாதிரி செத்துக் கிடக்குற ஈயோட போட்டோ ஒண்ணு உண்டு, பயாலஜி படிச்சவங்க பாத்தா மறக்க மாட்டாங்க. அடுத்த வருஷமே அமெரிக்காவுல யேல் யுனிவர்சிட்டில மெட்ஸிடோவும் ஜேன்வேயும் மனுஷன்கிட்டயும் இதே மாதிரி ஒண்ணு இருக்குன்னு காட்டிட்டாங்க.

எனக்குப் புடிச்ச கதை சுண்டெலி கதைதான். சி3ஹெச்/ஹெச்இஜே-ன்னு ஒரு சுண்டெலி வம்சம் இருக்கு. கிராம் நெகட்டிவ்ங்கிற வகை பாக்டீரியாவோட தோல்ல இருக்கிற எல்பிஎஸ்ங்கிற நச்சுப்பொருளைக் குத்துனா மத்த எலி எல்லாம் சுருண்டு விழும், இது மட்டும் ஒண்ணுமே நடக்காத மாதிரி உலாத்திட்டு இருக்கும். 1960கள்லேருந்தே இது தெரியும், ஏன்னுதான் யாருக்கும் தெரியல. அமெரிக்காவுல டல்லஸ்ல புரூஸ் பாய்ட்லர் குழு வருஷக்கணக்கா தோண்டித் தோண்டி 1998ல புடிச்சாங்க: டிஎல்ஆர்4 ஜீன்ல ஒரே ஒரு எழுத்து மாறியிருக்கு, அதனால புரதத்துல 712வது இடத்துல புரோலின் இருக்க வேண்டிய இடத்துல ஹிஸ்டிடின் உக்காந்திருக்கு. அவ்வளவுதான், அந்த ஒரு எழுத்துல மொத்த அலாரமும் ஆஃப். பாய்ட்லருக்கும் ஹாஃப்மானுக்கும் 2011ல நோபல் கிடைச்சுது, ரால்ஃப் ஸ்டைன்மானோட சேத்து.

சாதாரண சுண்டெலிக்கு அடைப்பு வருமா?

வராது, கிட்டத்தட்ட வரவே வராது. முதல்ல ஒண்ணு, இது வீட்டுல ஓடுற பெருச்சாளி இல்ல, கையளவு கூட இல்லாத சுண்டெலி. அதோட கொலஸ்ட்ரால்ல பெரும்பகுதி "நல்ல கொலஸ்ட்ரால்"னு சொல்ற ஹெச்டிஎல்லாவே இருக்கும், நம்மள மாதிரி எல்டிஎல்ல இல்ல. ரெண்டு மூணு வருஷம் வாழ்ந்து நிம்மதியா போய்ச் சேந்துடும்.

அதனால 1992ல அமெரிக்காவுல ரெண்டு குழு தனித்தனியா, ராக்கஃபெல்லர் யுனிவர்சிட்டில ஒண்ணு வட கரோலைனால ஒண்ணு, அப்போ-ஈ ங்கிற புரதத்தோட ஜீனை எடுத்துட்டு ஒரு சுண்டெலியை உருவாக்குனாங்க. கொழுப்புத் துகளை ஈரல் புடிச்சு உள்ள இழுக்குறதுக்கு அப்போ-ஈ வேணும், அது இல்லேன்னா எல்லாம் ரத்தத்துலயே சுத்திட்டு இருக்கும். சாதா தீவனம் தின்னாலே கொலஸ்ட்ரால் 400, 500ன்னு போகும், கொழுப்பு தீவனம் போட்டா 1000 தாண்டும். அந்த தீவனம் கொழுகொழுன்னு வெண்ணெய் மாதிரி இருக்கும், கூண்டுல போட்டா எலியோட முடியெல்லாம் எண்ணெய் வழியும். 1993ல எல்டிஎல் ரிசெப்டர் இல்லாத இன்னொரு வகை சுண்டெலியும் வந்துது. உலகத்துல நடக்குற அடைப்பு ஆராய்ச்சில ரொம்பப் பெரிய பங்கு இந்த ரெண்டு எலி முதுகுலதான் ஓடுது.

இந்த இடத்தைக் கொஞ்சம் ஞாபகம் வச்சுக்கோங்க. எதிர்ப்பு சக்தியைப் பத்தின ஆராய்ச்சிதான், ஆனா ஆரம்பிக்கிறதுக்கே முதல்ல கொலஸ்ட்ராலை ஏத்த வேண்டியிருக்கு. கீழ இதுக்குத் திரும்ப வரேன்.

2004ல சரியா என்ன பண்ணாங்க?

லாஸ் ஏஞ்சலஸ்ல சீடர்ஸ்-சைனாய் மருத்துவமனைல இருக்கிற குழு அப்போ-ஈ இல்லாத எலியையும் டிஎல்ஆர்4 இல்லாத எலியையும் இனச்சேர்க்கை பண்ண வச்சு, ரெண்டுமே இல்லாத குட்டிங்களை எடுத்தாங்க. இன்னொரு பக்கம் மைடி88ங்கிற புரதம் இல்லாத எலியோடவும் அதே மாதிரி. மைடி88னா என்னன்னா, டிஎல்ஆர்4 கிருமியைப் பாத்துட்டு சும்மா கத்துனா போதாது, அந்த சத்தத்தை செல்லுக்குள்ள கொண்டு போறதுக்கு ஒரு தூதன் வேணும், அதுதான் இது. டிஎல்ஆர்4க்கு மட்டும் இல்ல, அந்தக் குடும்பத்துல பெரும்பாலான ரிசெப்டருக்கு இதுதான் தூதன்.

ரெண்டு வகை எலிக்கும் கொலஸ்ட்ரால் குறையல. ஆனா பெருந்தமனில அடைப்போட பரப்பு குறைஞ்சுது, பிளேக்குக்குள்ள கொழுப்பு குறைவு, மேக்ரோஃபேஜ் குறைவு, ரத்தத்துல வீக்கத்தை (இன்ஃப்ளமேஷன்) தூண்டுற சில சிக்னல் புரதங்களும் குறைவு. அதே வருஷம் பாஸ்டன்ல இன்னொரு குழு தனியா மைடி88 இல்லாத எலியை வச்சு அதே மாதிரி முடிவுக்கு வந்தாங்க, மேக்ரோஃபேஜை சுவருக்குள்ள கூப்புடுற சிக்னல் குறையுறதுதான் காரணம்னு சொன்னாங்க. அவங்க இன்னொண்ணும் பாத்தாங்க: எல்பிஎஸ்ஸை டிஎல்ஆர்4கிட்ட கொண்டுபோய்க் கொடுக்குற சிடி14ங்கிற புரதத்தை எடுத்துப் பாத்தா அடைப்புல மாற்றமே இல்ல. அப்போ இங்க சுவிட்சைத் தட்டுறது பாக்டீரியாவோட எல்பிஎஸ் இல்லாம வேற எதுவோங்கிற சந்தேகம் அங்கேயே வந்துடுச்சு.

கிருமியே இல்லாம கிருமி ரிசெப்டர் எப்படி கிளம்பும்?

நல்ல கேள்வி, இதுக்குத்தான் பதில் தேடி ஆளுங்க பல வருஷம் அலைஞ்சாங்க. லேசா உருமாறுன எல்டிஎல் இருக்கு பாருங்க, அது செல்லோட கண்ணுக்கு பாக்டீரியாவோட தோல் மாதிரி தெரியுதுங்கிறதுதான் அடிப்படை யோசனை. இருட்டுல கயித்தைப் பாத்து பாம்புன்னு குச்சியை எடுக்குற கதைதான். 2010ல வந்த ஒரு ஆராய்ச்சில, நல்லா ஆக்சிஜனேற்றம் ஆன எல்டிஎல்லை சிடி36ங்கிற இன்னொரு ரிசெப்டர் புடிச்சு, டிஎல்ஆர்4ஐயும் டிஎல்ஆர்6ஐயும் ஜோடி சேத்து விடுது, அந்த ஜோடிதான் உள்ள வீக்க சிக்னலைக் கிளப்புதுன்னு காட்டுனாங்க. இது எல்பிஎஸ் வர்றப்போ நடக்குற ஜோடி இல்ல, அங்க டிஎல்ஆர்4 தன் கூடவே இன்னொரு டிஎல்ஆர்4ஐ சேத்துக்கும்.

நெய், வெண்ணெய்ல இருக்கிற கொழுப்பு அமிலமே நேரா டிஎல்ஆர்4ஐத் தட்டும்னு ஒரு பேச்சு ரொம்ப நாளா ஓடுச்சு, இன்னும் நிறைய யூடியூப் வீடியோல அப்படியே சொல்றாங்க. 2018ல வந்த ஒரு விரிவான ஆராய்ச்சி அது நேரா தட்டல, டிஎல்ஆர்4 ஏற்கனவே செல்லைத் தயார் பண்ணி வச்சிருக்கிறதாலதான் கொழுப்பு அமிலம் வேலை காட்டுதுன்னு மாத்திடுச்சு. கேட்க சின்ன வித்தியாசம், ஆனா "நெய் சாப்பிட்டா ரிசெப்டர் ஆன் ஆயிடும்"ங்கிற வீடியோவோட அஸ்திவாரமே போச்சு.

எதிர்மாறா முடிவு வந்த ஆராய்ச்சி எதுவும் இல்லையா?

இருக்கு, அதை ஃபார்வர்டு மெசேஜ்ல யாரும் போட மாட்டாங்க. 2000லயே ஒரு குழு அப்போ-ஈ இல்லாத எலியை, எல்பிஎஸ்க்கு அசையாத எலியோட சேத்து குட்டி எடுத்துப் பாத்தாங்க, அடைப்புல எந்த மாற்றமும் இல்ல. அதோட நிறுத்தல, பிறந்ததுலேருந்து ஒரு பாக்டீரியா, ஒரு வைரஸ், ஒரு பூஞ்சை கூட படாம பிளாஸ்டிக் கூடாரத்துக்குள்ள வளர்த்த அப்போ-ஈ எலியையும் பாத்தாங்க, அதுக்கும் சாதா கூண்டுல வளர்ந்த அப்போ-ஈ எலி அளவுக்கே அடைப்பு. அந்த சமயம் கிளமிடியான்னு ஒரு பாக்டீரியாதான் அடைப்புக்கே காரணம், அல்சர் மாதிரி ஆன்டிபயாடிக் போட்டு சரி பண்ணிடலாம்னு பெரிய எதிர்பார்ப்பு இருந்துது. அது மேல விழுந்த ஒரு பெரிய கல் இது.

இப்போ 2000ல மாற்றம் இல்ல, 2004ல மாற்றம் உண்டுன்னா எதை நம்புறது? எலியோட வம்சப் பின்னணி, தீவனம், எத்தனை வாரம் வச்சிருந்தாங்க, ஆணா பெண்ணா, எந்த இடத்துல அளந்தாங்க, இதுல எது மாறுனாலும் எண்ணு மாறும். என் கணக்குல மைடி88 முடிவு கெட்டி, ஏன்னா ரெண்டு லேப் தனித்தனியா ஒரே வருஷத்துல ஒரே பதிலைக் கொண்டு வந்தாங்க. டிஎல்ஆர்4 தனியா எவ்வளவு பங்குங்கிறது அந்த அளவுக்கு கெட்டி இல்ல.

எலி ரத்தக்குழாய்ல அடைப்பை எப்படி அளப்பீங்க? ஆஞ்சியோவா?

ஆஞ்சியோ எல்லாம் இல்ல, பெருந்தமனியே 1 மில்லிமீட்டர் குறுக்களவுல ஒரு சேமியா மாதிரிதான் இருக்கும். எலியை மயக்கத்துலயே முடிச்சுட்டு, இதயத்துல ஊசி போட்டு உப்புத் தண்ணியை விட்டு ரத்தத்தை எல்லாம் கழுவணும், ஈரல் வெளுத்துப் போனா கழுவியாச்சுன்னு அர்த்தம். அப்புறம் மைக்ரோஸ்கோப்புக்கு அடியில வச்சு இதயத்துலேருந்து கால் பிரியுற இடம் வரைக்கும் தமனியை உரிச்சு எடுக்கணும். தமனியைச் சுத்தி வெளிப்பக்கம் கொழுப்பு ஒட்டிட்டு இருக்கும், அதைப் பொடி இடுக்கியால ஒவ்வொண்ணா பிச்சு எடுக்கணும், இதுக்குத்தான் பாதி நாள் போகும். கைய அசைச்சா வளைவுல கிழிஞ்சுடும், என் முதல் நாலஞ்சு எலி அப்படித்தான் போச்சு.

சுத்தம் பண்ணதை நீளவாக்குல கத்திரிச்சு, கருப்பு மெழுகு மேல வச்சு, பூச்சி குத்துற பொடி ஊசியால ரெண்டு ஓரத்தையும் குத்தி விரிச்சு வைக்கணும். ரிப்பன் மாதிரி விரியும். அதுல கொழுப்பை மட்டும் சிவப்பாக்குற சாயத்தை ஊத்திட்டு கழுவுனா, தமனி வெளிறுன நிறத்துல நிக்கும், அடைப்பு இருக்கிற இடம் மட்டும் குங்குமம் சிந்துன மாதிரி சிவப்பா தெரியும். வளைவுலயும் கிளை பிரியுற இடத்துலயும்தான் அதிகமா இருக்கும், நேரா போற இடத்துல பெருசா இருக்காது. போட்டோ எடுத்து மொத்தப் பரப்புல சிவப்பு எத்தனை சதவீதம்னு கம்ப்யூட்டர்ல கணக்குப் போடுவோம். ஒரு தடவை வெளிக்கொழுப்பு ஒரு துளி ஒட்டிட்டு இருந்ததையும் சேத்து எண்ணி, டிஎல்ஆர்4 இல்லாத எலிக்குத்தான் அடைப்பு ஜாஸ்தின்னு ஒரு நாள் பூரா துள்ளிட்டு இருந்தேன், சீனியர் அக்கா வந்து ஊசி முனையால அந்தத் துளியைத் தள்ளி விட்டாங்க, அதோட என் கண்டுபிடிப்பும் போச்சு.

இன்னொரு முறை இதயத்தை உறைய வச்சு, தமனி ஆரம்பிக்கிற இடத்தை முடியை விட மெல்லிசா சீவுறது. வால்வோட மூணு இதழும் ஒண்ணா தெரியுற சீவல் வந்தா பென்ஸ் கார் சின்னம் மாதிரியே இருக்கும், அது வந்துடுச்சான்னுதான் எல்லாரும் எட்டி எட்டிப் பாப்போம். எது எந்த எலின்னு எண்ணுறவருக்குத் தெரியாம நம்பர் போட்டு மறைச்சு வைக்கணும், இல்லேன்னா கண்ணு ஆசைப்பட்டதைத்தான் பாக்கும்.

ரிசெப்டர் வெள்ளை அணுல இருக்கிறது முக்கியமா, குழாய் சுவர்ல இருக்கிறது முக்கியமா?

இதைப் பிரிச்சுப் பாக்க ஒரு நல்ல வழி இருக்கு. எலிக்கு கதிர்வீச்சு கொடுத்து அதோட எலும்பு மஜ்ஜையை அழிச்சுட்டு வேற எலியோட மஜ்ஜையை ஏத்துனா, ரத்த அணு எல்லாம் தானம் கொடுத்த எலியோடது, குழாய் சுவர் மட்டும் சொந்தம்னு ஒரு கலப்பு எலி கிடைக்கும். 2005ல கலிஃபோர்னியால ஸ்க்ரிப்ஸ் ஆராய்ச்சி நிலையத்துல டிஎல்ஆர்4ஓட சகோதரன் டிஎல்ஆர்2ஐ இப்படிப் பாத்தாங்க. உடம்பு முழுக்க டிஎல்ஆர்2 இல்லேன்னா அடைப்பு குறையுது, ஆனா வெள்ளை அணுல மட்டும் இல்லேன்னா குறையல. அதாவது தானா வர்ற அடைப்புல குழாய் சுவரோட டிஎல்ஆர்2தான் வேலை காட்டுது. அதே எலிக்கு வெளிலேருந்து பாக்டீரியா மாதிரி ஒரு செயற்கைப் பொருளைக் குத்துனா கதை திரும்பிடுது, அப்போ வெள்ளை அணுல டிஎல்ஆர்2 இல்லாத எலி தப்பிச்சுக்குது. ஒரே ரிசெப்டர், தட்டுறவன் யாருங்கிறதைப் பொறுத்து வேற வேற இடத்துல வேலை.

2008ல அதே குழு ரத்தம் சுழிச்சு ஓடுற வளைவுல லைனிங் செல்லுங்க டிஎல்ஆர்2ஐ அதிகமா தயாரிக்குதுன்னும் காட்டுனாங்க. நான் மேல சொன்ன அந்தச் சிவப்பு, ஏன் வளைவுலயே அதிகமா இருக்குங்கிறதுக்கு ஒரு துண்டு பதில் அது.

அப்போ டிஎல்ஆர் குடும்பமே வில்லனா?

இல்ல. டிஎல்ஆர்3, டிஎல்ஆர்7, டிஎல்ஆர்9 இதுல ஒவ்வொண்ணையும் எடுத்துப் பாத்தப்போ எலிக்கு அடைப்பு அதிகமான ஆராய்ச்சிங்க இருக்கு. இந்த மூணும் செல்லுக்குள்ள உக்காந்து வைரஸ், பாக்டீரியாவோட டிஎன்ஏ ஆர்என்ஏவைப் பாக்குற வகை. எல்லாத்தையும் ஒரே அடியா அடைச்சுட்டா நல்லதுன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

இன்ஃப்ளமசோம்னு ஒண்ணு சொல்றாங்களே, அதுவும் இதுவும் ஒண்ணா?

ஒரே சங்கிலியோட அடுத்த கண்ணி. டிஎல்ஆர்4 மாதிரி ரிசெப்டர் தட்டுனா செல்லு ஐஎல்-1 பீட்டாங்கிற வீக்கப் புரதத்தோட கச்சாப்பொருளைத் தயார் பண்ணி வைக்கும். அதை வெட்டி வெளிய அனுப்புறதுக்கு என்எல்ஆர்பி3ங்கிற இன்னொரு மெஷின் கிளம்பணும், இன்ஃப்ளமசோம்னு சொல்றது இந்த மாதிரி மெஷினைத்தான். 2010ல நேச்சர் இதழ்ல வந்தது என்னன்னா, பிளேக்குக்குள்ள கொலஸ்ட்ரால் பொடிப் பொடி படிகமா உறைஞ்சு நிக்குது, மேக்ரோஃபேஜ் அதை முழுங்கி, அந்தப் படிகம் உள்ள குத்திக் கிழிச்சு, என்எல்ஆர்பி3 கிளம்புது. மஜ்ஜைல இது இல்லாத எலிக்கு அடைப்பு குறைவு. 2011லயே வேற குழு அப்போ-ஈ எலில பாத்துட்டு வித்தியாசம் இல்லேன்னாங்க. இந்தத் துறைல இது சகஜம்.

எலி கதை போதும், மனுஷனுக்கு ஏதாவது ஆச்சா?

டிஎல்ஆர்4லேருந்தே ஆரம்பிக்கலாம். மனுஷங்கள்ல சிலருக்கு டிஎல்ஆர்4 ஜீன்ல பிறவியிலயே ஒரு சின்ன மாற்றம் இருக்கும், ரிசெப்டர் கொஞ்சம் மந்தமா வேலை செய்யும். இத்தாலில புருனெக்னு ஒரு மலையூர்ல 810 பேரைப் பாத்து 2002ல ஒரு முடிவு வந்துது: அந்த மாற்றம் இருக்கிறவங்களுக்கு கழுத்துத் தமனில அடைப்பு குறைவு, ஆனா பாக்டீரியா தொற்று பலமா வர்ற வாய்ப்பு ஜாஸ்தி. கேட்க அழகா இருந்துது, ஆனா அப்புறம் வேற ஊர்ல பெரிய கூட்டத்தைப் பாத்தப்போ எல்லா இடத்துலயும் அப்படி வரல.

பெரிய சோதனை 2017ல வந்த கான்டோஸ். ஏற்கனவே ஹார்ட் அட்டாக் வந்து, ரத்தத்துல வீக்கத்தோட அளவு குறையாம இருந்த 10,061 பேருக்கு ஐஎல்-1 பீட்டாவை மட்டும் புடிச்சுக் கட்டுற கனாகினுமாப்ங்கிற ஊசியை மூணு மாசத்துக்கு ஒருதடவை போட்டாங்க. எல்டிஎல் இறங்கல, ஆனா நடுத்தர டோஸ்ல ஹார்ட் அட்டாக், ஸ்ட்ரோக், இதய சாவு எல்லாம் சேத்து 15 சதவீதம் குறைஞ்சுது. எலில பாத்தது மனுஷன்லயும் நடக்கும்னு காட்டுன முதல் பெரிய ஆதாரம் அதுதான். கூடவே தொற்று வந்து செத்தவங்க எண்ணிக்கை கூடுச்சு, விலையும் யானை விலை, அமெரிக்காவுல இதய நோய்க்கு அனுமதி கிடைக்கல. அடுத்து மலிவான மெத்தோட்ரெக்சேட்டைப் பாத்தாங்க, அது ஐஎல்-1 பீட்டாவையும் குறைக்கல, ஹார்ட் அட்டாக்கையும் குறைக்கல.

அப்புறம் கவுட்ங்கிற மூட்டு நோய்க்குக் கொடுக்குற பழைய மாத்திரை கோல்கிசின் வந்துது. 2020ல 5,522 பேர்கிட்ட தினம் அரை மில்லிகிராம் கொடுத்ததுல நல்ல பலன், 2023ல அமெரிக்காவுல அனுமதியும் கிடைச்சுது, ஆனா 2024ல 7,000 பேருக்கு மேல சேத்து ஹார்ட் அட்டாக் வந்த உடனே கொடுத்துப் பாத்தப்போ பலன் தெரியல. கோல்கிசின் எங்கேருந்து வருதுன்னு கேட்டா நம்ம ஆளுங்களுக்கு ஆச்சரியமா இருக்கும், செங்காந்தள்ல இருக்கு. கண்வலிக்கிழங்குன்னு மூலனூர், தாராபுரம் பக்கம் பந்தல் போட்டு வளர்த்து விதையை ஏற்றுமதிக்கு அனுப்புறாங்களே, அதேதான். உடனே கிழங்கைத் தோண்டிடாதீங்க, அது ஆளைக் கொல்ற விஷம், மருந்துக்கும் சாவுக்கும் நடுவுல இடைவெளி ரொம்பக் கம்மி.

டிஎல்ஆர்4ஐயே நேரா அடைக்க மாத்திரை இல்லையா?

எரிடோரான்னு ஒண்ணு செஞ்சாங்க, அடைப்புக்கு இல்ல, செப்சிஸ்னு ரத்தத்துல கிருமி ஏறி உறுப்பெல்லாம் செயலிழக்குற நிலைமைக்கு. 2013ல முடிவு வந்துது, உயிர் காப்பாத்துறதுல எந்த வித்தியாசமும் இல்ல. அடைப்புக்குன்னா வருஷக்கணக்கா எடுக்கணும், அவ்வளவு நாள் ஒரு கிருமி அலாரத்தை ஆஃப் பண்ணி வைக்க எந்த டாக்டர் சம்மதிப்பார்? மேல சொன்ன அந்த எல்பிஎஸ்க்கு அசையாத சுண்டெலி இருக்கே, அதுக்கு சால்மொனெல்லா கொஞ்சமா கொடுத்தாலே செத்துடும்.

"கொலஸ்ட்ரால் பிரச்சனையே இல்ல, இன்ஃப்ளமேஷன்தான் பிரச்சனை"ன்னு வருதே, எலி ஆராய்ச்சி அதைத்தானே சொல்லுது?

இதுக்காகத்தான் இவ்வளவு நீளமா எழுதுனேன். இல்லங்க, சொல்லல. மேல ஞாபகம் வச்சுக்கோங்கன்னு சொன்னேன்ல, அந்த இடத்துக்கு வாங்க. டிஎல்ஆர்4 நல்லா இருக்கு, மைடி88 நல்லா இருக்கு, எல்லா அலாரமும் வேலை செய்யுது, ஆனா கொலஸ்ட்ரால் ஏறாத சாதா சுண்டெலிக்கு அடைப்பு வருதா? வரல. கொலஸ்ட்ரால் ஏத்துன எலிலதான் வருது, அதுல அலாரத்தைப் பிடுங்குனா குறையுது, குறையுதுன்னுதான் சொன்னாங்க, மறைஞ்சு போச்சுன்னு யாருமே சொல்லல. அடுப்பு எரிய விறகும் வேணும் காத்தும் வேணும், காத்தைக் குறைச்சா தீ குறைஞ்சுதுன்னா விறகுக்கு சம்பந்தமே இல்லைன்னு ஆயிடுமா?

மனுஷன்லயும் அப்படித்தான். பிறவியிலயே எல்டிஎல் ரிசெப்டரோட ரெண்டு காப்பியும் கெட்டுப்போன குழந்தைங்களுக்கு, சிகிச்சை இல்லேன்னா பத்து பன்னெண்டு வயசுக்குள்ளயே ஹார்ட் அட்டாக் வர்றது உண்டு. கான்டோஸ்ல ஊசி போட்டுக்கிட்டவங்கள்ல பத்துல ஒன்பது பேர் ஸ்டேட்டின் மாதிரி கொலஸ்ட்ரால் மாத்திரையும் சேத்து எடுத்துட்டு இருந்தவங்கதான். என் சித்தப்பா இந்த மாதிரி ஒரு மெசேஜைப் படிச்சுட்டு ஸ்டென்ட் வச்ச மறு வருஷம் மாத்திரையை நிறுத்திட்டார், ரெண்டு மாசத்துல எல்டிஎல் பழைய இடத்துக்கே போய் நின்னுச்சு, "எலி ஆராய்ச்சி பண்ணவன் நீயே இருக்க, நீ சொல்லல பாத்தியா"ன்னு என்னைத் திட்டுனார். சொல்லாதது என் தப்புதான் சித்தப்பா. இப்போ ரெண்டு பேரும் படிச்சுட்டோம்.

மஞ்சள், பூண்டு இதெல்லாம் டிஎல்ஆர்4ஐ அடைக்குமாமே?

லேப் தட்டுல வளர்த்த செல் மேல மஞ்சள்ல இருக்கிற குர்குமினை ஊத்துனா அடைக்குற மாதிரி தெரியும். சாப்பாட்டுல போட்டா அதுல ரத்தத்துக்குப் போய்ச் சேர்றது ரொம்ப ரொம்பக் கம்மி. ரசத்துல தாராளமா போடுங்க, ருசிக்கு.

அடுத்த தடவை "எலில நிரூபணம்"னு செய்தி வந்தா எதைப் பாக்கணும்?

கொலஸ்ட்ரால் ரெண்டு கூட்டத்துக்கும் ஒரே அளவா இருந்துதான்னு முதல்ல பாருங்க, ஏன்னா ஜீனை எடுத்ததுல கொலஸ்ட்ராலே குறைஞ்சிருந்தா எதிர்ப்பு சக்தியைப் பத்தி ஒண்ணும் சொல்ல முடியாது. ஆண் எலி மட்டுமா, பெண்ணும் உண்டா. இதய வாசல்ல மட்டும் அளந்தாங்களா, முழு தமனியும் பாத்தாங்களா, ரெண்டுலயும் வேற வேற பதில் வர்றது ரொம்ப சகஜம். எத்தனை எலின்னும் பாருங்க, எட்டு எலிய வச்சு உலகத்தை மாத்துறவங்க நிறைய. அப்புறம் இதை ஞாபகம் வச்சுக்கோங்க, சுண்டெலியோட பிளேக் நம்மளுது மாதிரி கிழிஞ்சு ரத்தம் உறையுறது அபூர்வம். அடைப்பு எவ்வளவு பெருசுன்னு எலி சொல்லும், எப்போ வெடிக்கும்னு சொல்லாது.

கடைசியா ஒண்ணு, அந்த எலிங்களுக்கு அப்புறம் என்ன ஆகும்?

என் சின்ன மகள் கேட்ட கேள்வி இது. அளந்த எலி திரும்ப கூண்டுக்குப் போறது இல்ல கண்ணு, அதைத்தான் மேல மயக்கத்துலயே முடிச்சுட்டுன்னு ஒரே வார்த்தைல எழுதிட்டுப் போயிட்டேன். வம்சத்தை மட்டும் விட மாட்டாங்க, ரெண்டு மூணு ஜோடியை ஓரமா வச்சு குட்டி போட விடுவாங்க, வேலை இல்லாத காலத்துல கருவை மட்டும் எடுத்து திரவ நைட்ரஜன்ல உறைய வச்சுடுவாங்க. நான் வேலையை விட்டப்போ எங்க டிஎல்ஆர்4 எலிங்களோட வம்சத்தை அப்படித்தான் ஒரு எஃகு டேங்க்ல இறக்குனோம், மூடியைத் திறந்தா புகை மாதிரி வரும், பேர் எழுதுன ஸ்டிக்கர்ல என் கையெழுத்துதான்.